ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தன் பாலினம் தெரியுமா?

கேள்வி: அமெரிக்காவில் உளவியல் பேராசிரியர் ஒருவர் திருநர் குழந்தைகளைப் பல ஆண்டுகளாகத் தொடர்ந்து ஆராய்ந்து வருவதாகப் படித்தேன். ஐந்தாறு வயதில் ஒரு குழந்தை “நான் பையன் இல்லை, பெண்” என்று சொன்னால், அது விளையாட்டாகவோ வெறும் அடமாகவோ இருக்கலாம் அல்லவா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: நீங்கள் குறிப்பிடுபவர் கிறிஸ்டினா ஓல்சன். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபோது, 2013இல் ‘டிரான்ஸ்யூத் புராஜெக்ட்’ என்னும் நெடுங்கால ஆய்வைத் தொடங்கினார். பின்னர் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். 2018இல் சிறந்த படைப்பாற்றலுக்கான மெக்ஆர்தர் நல்கையும், இளம் அறிவியலாளர்களுக்கான வாட்டர்மேன் விருதும் அவருக்குக் கிடைத்தன.

உங்கள் ஐயத்திலிருந்துதான் அவருடைய ஆய்வும் புறப்பட்டது. குழந்தையிடம் நேராகக் கேட்டால், அது பழகிப்போன பதிலையோ பெரியவர்களைச் சீண்டும் பதிலையோ சொல்லிவிடக்கூடும். எனவே, கேள்விகளோடு வேறொரு சோதனையையும் அவர் சேர்த்துக்கொண்டார். கணினித் திரையில் வருபவற்றைக் குழந்தை விரைவாக வகை பிரிக்க வேண்டும். ‘நான்’ என்பதோடு ‘ஆண்’ என்பதை எளிதாக இணைக்கிறதா, ‘பெண்’ என்பதையா என்பது விடை வரும் வேகத்தில் தெரிந்துவிடும். யோசித்து நடிக்க அதில் அவகாசம் குறைவு. இச்சோதனை முறையை உருவாக்கியவர்களுள் ஒருவரான மஹ்ஸரின் பானாஜி நம் செகந்தராபாத்தில் பிறந்தவர். ஹார்வர்டில் ஓல்சனின் முனைவர் பட்ட வழிகாட்டியும் அவரே.

ஐந்து முதல் பன்னிரண்டு வயது வரையிலான 32 திருநர் குழந்தைகளிடம் நடத்திய இந்த ஆய்வு 2015இல் வெளியாயிற்று. தன்னைப் பெண் என்று சொன்ன குழந்தையின் விடைகள், அதே வயதுடைய பிற பெண் குழந்தைகளின் விடைகளைப் போலவே இருந்தன. ஆண் என்று சொன்ன குழந்தைகளிடமும் இதே நிலைதான். குழப்பமோ பாசாங்கோ காரணமாக இருந்திருந்தால் இப்படி ஒத்துப்போயிருக்காது. அதே வேளையில், இந்த அடையாளம் எதனால் உண்டாகிறது என்பதற்கு இந்த ஆய்வில் விடை தேட முடியாது. அது அளந்தது வேறு.

கேள்வி: பெற்றோர் இணங்கிப் புதுப் பெயர் சொல்லி அழைப்பதால்தானே பிள்ளை அந்த வழியிலேயே நிலைத்துவிடுகிறது? வளர்ந்த பிறகு மனம் மாறினால் என்ன செய்வது?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். இந்த வயதில் மாற்றம் என்பது பெயர், உடை, முடி, ‘அவன்’ அல்லது ‘அவள்’ என்று அழைக்கும் முறை ஆகியவற்றோடு முடிந்துவிடுகிறது. மருந்துக்கோ அறுவைச் சிகிச்சைக்கோ இதில் இடமில்லை.

இணங்குவதே காரணமா என்பதை ஆராய, அவ்வாறான மாற்றம் எதுவும் செய்துகொள்ளாத, ஆனால் தம் பாலினத்துக்குரிய வழக்கங்களில் பொருந்தாத 85 குழந்தைகளை ஓல்சனின் குழுவினர் தனியே கவனித்தனர். 2019இல் வெளியான அந்த ஆய்வின்படி, மற்றப் பாலின உணர்வு தொடக்கத்திலேயே வலுவாக இருந்த குழந்தைகளே பின்னர் பெயரையும் அழைப்பு முறையையும் மாற்றிக்கொண்டனர். உணர்வு முன்னே வந்தது, பெயர் பின்னே வந்தது.

மனம் மாறுவது குறித்து 2022இல் வெளியான முடிவு அதிகம் பேசப்பட்டது. சமூக அளவில் மாற்றம் செய்துகொண்ட 317 பேரைச் சராசரியாக ஐந்து ஆண்டுகளுக்குப் பின் பார்த்தபோது, 94 விழுக்காட்டினர் திருநங்கையாகவோ திருநம்பியாகவோ தொடர்ந்தனர், 3.5 விழுக்காட்டினர் தம்மை ஆண், பெண் என்ற இரண்டிலும் அடக்கவில்லை, 2.5 விழுக்காட்டினர் பிறப்பில் குறிக்கப்பட்ட பாலினத்துக்கே திரும்பினர். அப்படித் திரும்புவது, ஆறு வயதுக்கு முன்பே மாறியவர்களிடம் சற்றுக் கூடுதலாகக் காணப்பட்டது.

பெரும்பாலோர் திரும்பிவிடுவார்கள் என்று கூறும் பழைய ஆய்வுகளும் உண்டு. ஆனால் அவற்றுள் பல, சிகிச்சை மையங்களுக்கு அழைத்து வரப்பட்ட குழந்தைகளைப் பற்றியவை. பொம்மை விரும்பிய, ஆனால் “நான் பெண்” என்று ஒருபோதும் சொல்லாத பையன்களும் அவற்றில் எண்ணப்பட்டிருந்தனர். பழைய முடிவுகளையும் ஓல்சனின் முடிவையும் அருகருகே வைத்து வாதிடுவோர் இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் விட்டுவிடுவது எனக்கு உடன்பாடில்லை.

ஓல்சனின் ஆய்வுக்கும் எல்லை உண்டு. அதில் சேர்ந்தவை தாமாக முன்வந்து, பிள்ளையை ஆதரித்த குடும்பங்கள். பெரும்பாலும் வசதியுள்ள வெள்ளையினத்தவர். அந்தக் குழந்தைகளின் மனச்சோர்வு பிற குழந்தைகளைவிட மிகுதியாக இல்லை என்றும், பதற்றம் மட்டும் சற்றே கூடுதல் என்றும் 2016இல் வந்த முடிவு, பெற்றோர் தந்த விவரங்களை நம்பியது. இங்கிலாந்தில் 2024இல் வெளியான குழந்தை மருத்துவர் ஹிலரி காஸின் அறிக்கை, சிறுவயதில் சமூக அளவிலான மாற்றத்தைப் பற்றி எச்சரிக்கையோடு அணுகவும், அனுபவமுள்ள மருத்துவரை முன்கூட்டியே கலந்துகொள்ளவும் அறிவுறுத்தியது. எனவே 94 என்ற எண்ணை வைத்து உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு எதிர்காலம் கணிக்க முடியாது.

கேள்வி: மனநல மருத்துவரிடம் அழைத்துச் சென்று இதைச் சரிசெய்துவிட முடியுமா?
– பெயர் வேண்டாம் என்று எழுதிய ஒரு தாய்

பதில்: முடியாது, அம்மா, அப்படி முயல்வதற்கு இங்கே தடையும் இருக்கிறது. பாலின அடையாளத்தையோ பாலீர்ப்பையோ மருத்துவ முறையில் மாற்ற முயல்வதைச் சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூனில் தடைசெய்தார். தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அதைத் தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது. பிள்ளை தூங்காமல், சாப்பிடாமல், பள்ளிக்குப் போக மறுத்துத் துவண்டிருந்தால் அவசியம் மருத்துவரைப் பாருங்கள். முதல் சந்திப்பிலேயே, பிள்ளையை மாற்றித் தருவதாகச் சொல்பவரிடம் மறுமுறை போக வேண்டாம்.