பலாவை இப்போது வெட்டலாமா?

அன்புள்ள ஐயா,

பண்ருட்டிக்குக் கிழக்கே எங்கள் தோட்டம், செம்மண். முப்பது வயதுப் பலா பன்னிரண்டு நிற்கின்றன. போன ஐப்பசி, கார்த்திகை மழை ஏமாற்றிவிட்டது. இப்போது இரண்டு மரம் இலை முழுக்கக் கொட்டிவிட்டது, நான்கில் நுனிக்கிளை காய்கிறது. மர வியாபாரி ‘செத்த மரம், இப்பவே கொடுங்க’ என்று நச்சரிக்கிறார். போர்வெல் அரை மணி நேரம்தான் ஓடுகிறது. லாரித் தண்ணீர் வாங்கினால் பிழைக்குமா? போன வாரம் கிணற்றில் ஒரு கீரி செத்து மிதந்தது. அதற்கும் வழி சொல்லுங்கள்.

க.

அன்புள்ள க.,

கார்த்திகை வரை வெட்டாதீர்கள். பண்ருட்டிப் பலாக் கட்டைக்கு வீணை செய்கிறவர்கள் வரை கிராக்கி உண்டு. ஆறு மாதத்தில் அது குறைந்துவிடாது, உட்கட்டையான வைரமும் கெடாது. அவசரம் வியாபாரிக்குத்தான்.

இலை வழியாகத்தான் மரம் நீரை இழக்கிறது. வேரில் வரத்து நின்றால் இலையைக் கொட்டிச் செலவைக் குறைக்கும். நுனி காய்வது வேறு கதை. தண்டுக்குள் கம்பிபோல் தொடர்ந்து ஏறும் நீர் அறுந்து, குழாய்களில் காற்று புகுந்துவிட்டது என்று அர்த்தம். வேரிலிருந்து அதிகத் தொலைவு என்பதால் நுனி முதலில் போகும். ஆகவே மொட்டை மரங்களைவிட அந்த நான்கைத்தான் முதலில் பாருங்கள். பென்சில் பருமன் குச்சியில் நகத்தால் பட்டையைச் சுரண்டுங்கள். அடியில் பச்சையும் ஈரமும் இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பு என்றால் அதைவிடப் பருத்த கிளைக்கு இறங்குங்கள். பெரிய கவையில் பச்சை தெரிந்தால் மரம் துளிர்க்கும். அடிமரத்தில் நாலு பக்கமும் பழுப்பு என்றால் வியாபாரியைக் கூப்பிடலாம்.

தண்ணீரை அடிமரத்தில் ஊற்றுவது வீண். உறிஞ்சும் வேர்கள் கிளை விரிப்பின் ஓரத்துக்குக் கீழேதான் அதிகம். மரத்திலிருந்து மூன்றரை மீட்டரில் தொடங்கி ஒரு மீட்டர் அகல வளையம் என்றால் சுமார் 25 சதுர மீட்டர். மரத்துக்கு 500 லிட்டர் ஊற்றினால் அது 20 மில்லிமீட்டர் மழைக்குச் சமம். 6,000 லிட்டர் லாரி ஒன்று பன்னிரண்டு மரத்துக்கும் சரியாகிவிடும். ஆனால் வளையம் முழுக்க ஊற்றினால் ஒரு சாண்தான் நனையும், வெயில் அதைக் குடித்துவிடும். பாதி வளையத்தில் ஊற்றுங்கள், இரண்டு சாண் இறங்கும். பத்துப் பதினைந்து நாள் கழித்து அடுத்த பாதி. காய்ந்து இறுகிய மண் முதலில் நீரை வாங்காது. மாலையில் இரண்டு குடம் தெளித்து, அரை மணி விட்டு மீதியை ஊற்றுங்கள். மறுநாள் ஒரு கம்பியைக் குத்திப் பாருங்கள், ஈரம் உள்ளவரைதான் அது எளிதாக இறங்கும்.

லாரி கடலோரத்திலிருந்து வந்தால் உப்புப் பார்த்து வாங்குங்கள். கரையோர மணலில் நன்னீர் மட்டம் ஓரடி இறங்கினால் அடியிலுள்ள உப்புநீர் சுமார் நாற்பதடி ஏறும். வறட்சியில் எல்லோரும் இறைப்பதால் இந்த ஆபத்து கூடும். உப்பு ஏறினால் இலை ஓரம் கருகும்.

வளையத்தில் நாலு விரல் கனத்துக்குச் சருகு போடுங்கள், அடிமரத்தை ஒட்டி ஒரு சாண் இடம் விட்டு. யூரியா இப்போது கூடாது: அது வேரிலிருந்து நீரை இழுக்கும், தப்பித்தவறித் துளிர்த்தால் நீர்த்தேவையும் கூடும். ஈரம் காக்கத் தேங்காய் மட்டை புதைக்கச் சொல்வார்கள், நல்ல முறைதான், குழிந்த பக்கம் மேலே இருக்க வேண்டும். ஆனால் இப்போது பள்ளம் தோண்டினால் வேர் அறும். மழைக்குப் பிறகு செய்யுங்கள். அடிமரத்தில் மரத்தூளும் பிசினும் தெரிகிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள். வாடிய மரத்தைத்தான் தண்டைத் துளைக்கும் பூச்சி தேடி வரும். துளை இருந்தால் சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியை விட்டுப் புழுவைக் குத்தி இழுங்கள்.

மழை வந்ததும் கணக்கு முடிந்ததாக நினைக்காதீர்கள். 2016-இல் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் தமிழகத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி மாவட்டங்களாக அறிவிக்கப்பட்டன. தென்னையில் பாளைக் கரு தோன்றியதிலிருந்து காய் முற்ற சுமார் 44 மாதம் ஆகும். ஆகவே ஒரு வருட வறட்சி அடுத்த இரண்டு மூன்று வருடக் காய்ப்பிலும் தெரியும். பலாவையும் இன்னும் இரண்டு பருவமழை கவனிக்க வேண்டும்.

கீரி தண்ணீர் தேடித்தான் வந்திருக்கும். மரநிழலில் இரண்டு அங்குல ஆழத் தட்டு வையுங்கள், நடுவே ஒரு கல். இரண்டு நாளுக்கொருமுறை ஓரத்தைத் தேய்த்துக் கழுவுங்கள், கொசு முட்டை அங்கேதான் ஒட்டியிருக்கும். கிணற்றுக்குள் கணுக்கிளை நறுக்காத மூங்கிலில் தேங்காய் நார்க்கயிறு சுற்றி, அடி நீரில் முங்கும்படி சாய்த்துக் கட்டுங்கள், விழுந்த பிராணி பிடித்து ஏறிவிடும். நீர்மட்டம் இறங்க இறங்க மூங்கிலையும் இறக்கிக் கட்ட வேண்டும்.