சிவப்பணுவும் ரைபோபிளேவினும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கே: ரைபோபிளேவின் (வைட்டமின் பி2) நிலையை அறியும் இரத்தச் சோதனையில் என் ஈ.ஜி.ஆர்.ஏ.சி. மதிப்பு 1.5. அதிகம் என்றால் நல்லதுதானே?

ப: இல்லை. சிவப்பணுவிலுள்ள குளூட்டாதயோன் ரிடக்டேஸ் நொதி இயங்க எஃப்.ஏ.டி. என்னும் துணைப்பொருள் வேண்டும், அது ரைபோபிளேவினிலிருந்தே உருவாகிறது. சோதனைக்குழாயில் எஃப்.ஏ.டி. சேர்த்தபின் கிடைக்கும் நொதியின் வேகத்தை, சேர்க்காத வேகத்தால் வகுத்துவருவதே இந்த எண். உங்கள் சிவப்பணுக்களில் இந்நொதியின் மூன்றில் ஒரு பங்கு எஃப்.ஏ.டி. இல்லாமல் வெறுமையாக இருக்கிறது. 1.2 வரை போதுமானது, 1.4-க்கு மேல் பற்றாக்குறை என்பது பொதுவான கணக்கு. ஆய்வகத்துக்கு ஆய்வகம் சற்று மாறும்.

கே: எனக்கு 0.95 வந்திருக்கிறது.

ப: அளவீட்டுப் பிசகு. ஒன்று என்றே கொள்ளுங்கள்.

கே: வாய்ப்புண்ணுக்குப் பத்து நாள் பி-காம்ப்ளெக்ஸ் சாப்பிட்டபின் சோதித்தேன்; 1.1 வந்தது. அப்படியானால் எனக்குப் பற்றாக்குறையே இருந்ததில்லையா?

ப: இந்தக் கேள்வி எனக்கு மாதந்தோறும் வருகிறது, மாதந்தோறும் வருத்தமும் தருகிறது. முதிர்ந்த சிவப்பணுவுக்கும் ரைபோபிளேவினை எஃப்.ஏ.டி.யாக மாற்றும் திறன் உண்டு என்பதால், மாத்திரை தொடங்கிய சில நாட்களிலேயே வெறுமையாக இருந்த நொதி நிரம்பத் தொடங்கிவிடும். நீங்கள் அளந்தது மாத்திரையின் பலனை, உங்கள் பழைய நிலையை அன்று. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் மஹ்தாப் பாம்ஜி இந்நொதியைக் கொண்டு ரைபோபிளேவின் நிலையை அறிவது பற்றி 1969-இலேயே எழுதினார். அரை நூற்றாண்டுக்குப் பிறகும், இப்பற்றாக்குறையில் வரும் கடைவாய் வெடிப்பின் தழும்பு மாறாத ஒரு சிறுமியை, கையில் காலியான மாத்திரை அட்டையோடு, 'எல்லாம் சரியாக இருக்கிறது' என்ற அறிக்கையை நம்பி என்னிடம் அழைத்துவந்தார்கள். அவள் வீட்டில் பாலும் முட்டையும் அரிது. அதை யாரும் கேட்கவில்லை. முதலில் இரத்தம், பிறகு மாத்திரை. மருத்துவர் உடனே மாத்திரை தந்திருந்தால் அதை நிறுத்தாதீர்கள். ஆனால் தொடங்கிய தேதியை ஆய்வகத்தில் சொல்லுங்கள்.

கே: எனக்கு ஜி6பிடி (சிவப்பணுவைக் காக்கும் ஒரு நொதி) குறைபாடு உண்டு. சோதிக்கலாமா?

ப: இந்த எண்ணை மட்டும் நம்பாதீர்கள். அக்குறைபாடு உள்ளவர்களின் சிவப்பணுவில் இந்நொதி எஃப்.ஏ.டி.யை இறுகப் பிடித்துக்கொள்வதால், உணவில் ரைபோபிளேவின் குறைந்திருந்தாலும் மதிப்பு ஒன்றை ஒட்டியே நிற்கும்.

கே: பால் குடித்தும் பற்றாக்குறை வருமா? பருப்பு வேக ஆப்பச்சோடாவும் போடுகிறேன்.

ப: எவ்வளவு பால் என்று எழுதவில்லை, அளவு சொல்லாமல் கேட்டால் எப்படிப் பதில் சொல்வது? ஒரு தம்ளர் பாலில் ஏறத்தாழ 0.4 மி.கி. இருக்கும், நாளொன்றுக்கு வேண்டியது 2 மி.கி. அளவில். ரைபோபிளேவின் வெப்பத்தைத் தாங்கும், ஒளியைத் தாங்காது. கண்ணாடிப் புட்டிப் பாலை வெயிலில் இரண்டு மணி நேரம் வைத்தால் பாதிகூடப் போய்விடும். சோடா போன்ற காரப்பொருளும் (மிளகாய்க் காரம் அன்று) அதை அழிக்கும்; சோடாவை விட்டுவிடுங்கள்.

கே: மாத்திரைக்குப் பின் சிறுநீர் பளிச்சென்ற மஞ்சளாக இருக்கிறது.

ப: மிகுதியான ரைபோபிளேவின் வெளியேறுகிறது. தீங்கில்லை.