பட்டையைப் பிடித்துக்கொண்டு நேட்டால் வரை
வாசகர் கேள்விகளுக்கு வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியை ஒருவர் பதில் சொல்கிறார்

கே: எம்.ஏ. வரலாறு முதலாண்டு படிக்கிறேன் மேடம். உலகளாவிய வரலாறு பேப்பருக்கு மூவாயிரம் சொல்லில் ஒரு கட்டுரை கேட்டிருக்கிறார்கள். 'தோல் தொழிலும் உலகமயமாதலும்' என்று தலைப்பு வைத்து இரண்டு மாதமாகப் படிக்கிறேன். எதை எழுதுவது, எதை விடுவது என்றே தெரியவில்லை.
– கல்லூரி மாணவி, வாணியம்பாடி

ப: தலைப்பைப் படித்ததும் எனக்கே மூச்சு வாங்கியதம்மா. அதற்கு மூவாயிரம் சொல் போதாது, மூன்று ஆயுள் வேண்டும்.

என் அப்பா உங்கள் ஊரில் ஒரு டேனரியில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், கணக்கு எழுதினார். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் சட்டையில் சுண்ணாம்பு வாடையும் பட்டை வாடையும் சேர்ந்தே வரும். அந்தப் பட்டையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்தில் முதலில் ஆவாரம்பட்டையில்தான் தோல் பதனிட்டார்கள். பிறகு வாட்டில் பட்டை வந்தது. வாட்டில் மரத்தின் சொந்த நாடு ஆஸ்திரேலியா. அதைக் கொண்டுபோய்த் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் தோட்டம் தோட்டமாக வளர்த்தார்கள். அங்கே உரித்த பட்டை கப்பலேறிச் சென்னைக்கு வந்து, நம் ஊர்த் தொட்டியில் ஊறியது. பாதி பதனிட்ட தோல் சென்னைப் பெரியமேட்டுத் தரகர்கள் கை மாறி லண்டனுக்குப் போனது. நான்கு கண்டமும் ஒரு தொட்டிக்குள் வந்துவிட்டன, பார்த்தீர்களா?

சரி, இதில் கேள்வி எங்கே? தென்னாப்பிரிக்கா அங்குள்ள இந்தியர்களை நடத்திய விதத்தைக் கண்டித்து 1946இல் இந்தியா அந்த நாட்டோடு வணிகத்தை முறித்துக்கொண்டது. அப்போது பட்டைக்கு நம் டேனரிக்காரர்கள் என்ன செய்தார்கள்? மூவாயிரம் சொல்லில் இதற்குப் பதில் தேடலாம். பதில் பாதிதான் கிடைத்தாலும் கட்டுரை நிற்கும்.

எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பழைய கடல் வணிகக் கணக்குகளைக் கேளுங்கள். என்ன சரக்கு, எந்த நாடு, எவ்வளவு எடை, என்ன மதிப்பு எல்லாம் அதில் வரும். மூட்டை தூக்கியவர் மட்டும் வரமாட்டார். அவருக்காக 1916-18 இந்தியத் தொழில் ஆணையத்தின் சாட்சியத் தொகுதிகளைப் புரட்டலாம். ஆனால் அங்கே பேசுகிறவர்கள் பெரும்பாலும் முதலாளிகளும் அதிகாரிகளும்தான். ஆகவே உங்கள் தெருவில் வயதான மேஸ்திரி யாராவது இருந்தால் ஒரு டீ வாங்கிக் கொடுத்து உட்காருங்கள். 1946 அவருக்கே நினைவிருக்காது. அவர் அப்பா சொன்னது நினைவிருக்கலாம். எது அவர் கண்ணால் பார்த்தது, எது காதால் கேட்டது என்று நோட்டில் தனித்தனியாக எழுதுங்கள்.

ஒரு பொறியையும் சொல்லிவிடுகிறேன். 1881இல் காக்ஸ் என்ற அதிகாரி எழுதிய வடஆற்காடு மாவட்டக் கையேட்டில் வாணியம்பாடியைத் தேடி நான் மூன்று வாரம் வீணாக்கினேன். உங்கள் ஊர் அடங்கிய திருப்பத்தூர் தாலுகா 1911 வரை சேலம் மாவட்டத்தில் இருந்தது! ஆம்பூர் வடஆற்காட்டில், பக்கத்திலேயே இருக்கும் வாணியம்பாடி சேலத்தில். திருவண்ணாமலை அப்போது தென்னாற்காடு. ஆவணத்தைத் தொடும் முன் அந்த வருடத்து வரைபடத்தைப் பாருங்கள்.

கே: குறிப்பு எடுக்கச் சரியான முறை எது? நோட்டா, அட்டையா, செல்போனா?
– ஆய்வு மாணவர், ராணிப்பேட்டை

ப: எதில் எடுத்தாலும் சரிதான் தம்பி. எங்கே பார்த்தோம், எந்தப் பக்கம், யாருடைய வார்த்தை என்ற மூன்றும் ஒவ்வொரு குறிப்பின் தலையிலும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு என் மானம் போன கதை இருக்கிறது.

எம்.ஃபில். செய்தபோது பழைய வருவாய்க் கணக்கு ஒன்றில், மாடுகள் கூட்டம் கூட்டமாகச் செத்து தோல் மலிந்தது என்று படித்தேன். கிளம்பும் நேரம். காப்பக ஊழியர் விளக்கை அணைத்துக்கொண்டே வருகிறார். அவசரத்தில் '1286' என்று மட்டும் குறித்துக்கொண்டேன். அதே நோட்டின் முந்தைய பக்கங்களில் நவாப் காலத்து ஹிஜ்ரி தேதிகள், அதாவது இஸ்லாமிய ஆண்டுக் கணக்கு. ஆறு மாதம் கழித்து எழுத உட்கார்ந்தவள், இதையும் ஹிஜ்ரியாக எடுத்துக்கொண்டு 1869 என்று கணக்குப் போட்டுவிட்டேன்.

வாய்மொழித் தேர்வில் வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "பஞ்சம் 1876இல்தானேம்மா வந்தது? உங்கள் மாடுகள் மட்டும் ஏன் ஏழு வருடம் முன்னாடியே செத்தன?" என்றார். அறையே சிரித்தது. நானும் சிரிப்பது போல உட்கார்ந்திருந்தேன். அது பசலி 1286, அதாவது வருவாய்த் துறையின் ஆண்டுக் கணக்கு. பசலியோடு 590ஐக் கூட்டினால் 1876 ஜூலையில் தொடங்கும் வருடம் வரும். 'பசலி' என்று மூன்றெழுத்தை எழுதாததற்கு எனக்கு இரண்டு மாதமும் ஒரு புது பைண்டிங் செலவும் ஆயிற்று.

செல்போனில் படம் எடுப்பவர்களுக்கு ஒன்று. ஆவணக் கட்டின் மேலட்டையை முதல் படமாக எடுத்துவிட்டு உள்ளே போங்கள். அட்டை இல்லாத நாற்பது படங்கள் நாற்பது அநாதைகள்.

கே: எங்கள் கொள்ளுத்தாத்தாவின் அண்ணன் கரும்புத் தோட்ட வேலைக்கு நேட்டாலுக்குப் போனவர், திரும்பவே இல்லை என்று வீட்டில் சொல்வார்கள். அவரைப் பற்றித் தேட முடியுமா?
– வாசகர், குடியாத்தம்

ப: முயன்று பார்க்கலாம் ஐயா. 1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து டர்பன் போய்ச் சேர்ந்தது. அது முதல் 1911 வரை ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக நேட்டால் போனார்கள். நம் மாவட்டத்திலிருந்து போனவர்களும் அதில் ஏராளம். கப்பல் பட்டியலில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, கிராமம் வரை பதிந்திருக்கிறார்கள்.

பெயரை மட்டும் வைத்துத் தேடாதீர்கள். முனுசாமி என்று தேடினால் வரிசையாக முனுசாமிகள் வந்து நிற்பார்கள். தகப்பன் பெயரும் கிராமமும் சேர்ந்து பொருந்த வேண்டும். வந்தவாசியையே 'வாண்டிவாஷ்' என்று எழுதியவர்கள் உங்கள் கிராமத்தை என்ன பாடு படுத்தியிருப்பார்கள்! வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, தமிழ் தெரியாத குமாஸ்தாவின் காதில் அது எப்படி விழுந்திருக்கும் என்று ஐந்தாறு விதமாக எழுதித் தேடுங்கள். வாணியம்பாடி மாணவிக்குச் சொன்ன சேலம் கதையும் இங்கே நினைவிருக்கட்டும்.

கே: எல்லாம் படித்துவிட்டேன், முதல் வரி வரவில்லை.
– மாணவர், ஆற்காடு

ப: 'பண்டைக் காலம் தொட்டே மனிதன்' என்று எழுதி வைத்திருக்கிறீர்களா? அடியுங்கள். நம் பாலாற்றங்கரை முத்துமண்டபத்துக்குப் போயிருப்பீர்கள். கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கர் வேலூருக்கு நாடு கடத்தப்பட்டு 1832இல் இங்கேயே இறந்தார். அவருடைய நினைவிடம்தான் அந்த மண்டபம். அவரைப் பற்றி எழுதினால் அந்தச் சாவிலேயே தொடங்கலாமே. இலங்கை அரசர் வேலூரில் ஏன் செத்தார் என்று படிப்பவர் தானே கேட்பார், அடுத்த பத்தி தானாக வரும்.

இன்னொன்று. 'கருதப்படுகிறது', 'கூறப்படுகிறது' என்று வரும் இடத்தையெல்லாம் சிவப்பு மையில் வட்டமிடுங்கள். கருதியது யார், கூறியது யார்? 1806 ஜூலை 10 வேலூர்க் கலகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சிப்பாய்கள்மேல் திணித்த புதுத் தலைப்பாகையால் மூண்டதா, கோட்டையில் இருந்த திப்புவின் பிள்ளைகள் தூண்டியதா என்று கும்பினி அதிகாரிகளே தங்களுக்குள் அடித்துக்கொண்டார்கள். பழி யார் தலையில் விழும் என்ற கவலை அவர்களுக்கு. அன்று கொல்லப்பட்ட தளபதி ஃபேன்கோர்ட்டின் மனைவி குழந்தைகளோடு ஒளிந்திருந்து பிழைத்து, தான் கண்டதை எழுதி வைத்தார். சிப்பாய்களின் குரலோ அவர்களை விசாரித்தவர்களின் தாளில்தான் பெரும்பாலும் மிஞ்சியிருக்கிறது. இத்தனை பேரையும் ஒரே 'கூறப்படுகிறது'க்குள் திணிக்கலாமா?

வட்டமிட்ட தாளை அனுப்புங்கள், பார்க்கிறேன். தயவுசெய்து வரிக்கு வரி இடம் விட்டு எழுதுங்கள். போன மாதம்தான் கண்புரை எடுத்தேன்.