பழைய 1911: ஸ்பிரிங்கை மாற்றுங்கள், பூச்சைத் தொடாதீர்கள்

வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்க ராணுவத்தின் எம்1911, எம்1911ஏ1 ரகப் பிஸ்டல்களை உரிய முறையில் வாங்கி வைத்திருக்கும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே. எந்த வேலையைத் தொடங்கும் முன்னும் மேகசினைக் (தோட்டா அடுக்கும் பெட்டி) கழற்றுங்கள். ஸ்லைடைப் (மேலே முன்பின் நகரும் பாகம்) பின்னிழுத்து, சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) காலியா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். வேலை செய்யும் மேசையில் உயிர்த் தோட்டா ஒன்றுகூட இருக்கக் கூடாது.

ரெமிங்டன் ராண்ட் நிறுவனம் செய்த 1911ஏ1 வைத்திருக்கிறேன். ஸ்லைடில் செந்துரு பூத்திருக்கிறது. மணல் ஊதிச் சுத்தம் செய்து புதிதாகப் பார்க்கரைசிங் போட்டால் பளிச்சென்று ஆகிவிடும் என்கிறார் நண்பர். செய்யலாமா? – டல்லாஸ் வாசகர்

வேண்டாம். போர்க்காலத்தில் போட்ட அந்தச் சாம்பல் நிறப் பார்க்கரைசிங், அதாவது பாஸ்பேட் பூச்சு, ஒருமுறை போனால் போனதுதான். மணல் ஊதும்போது பூச்சு மட்டும் போவதில்லை. ஸ்லைடில் அடித்திருக்கும் எழுத்துகளின் விளிம்பும், பரிசோதகர் குத்திய சிறு முத்திரைகளும் மழுங்கிவிடும். சேகரிப்பாளர்கள் விலை கொடுப்பது அவற்றுக்குத்தான். கடையில் கிடைக்கும் துரு நீக்கித் திரவத்தில் ஊறவைப்பதும் ஆபத்து. துருவோடு சேர்த்துப் பூச்சையும் அது தின்றுவிடும்.

முதலில் எண்ணெய் வைத்தியம். துரு மேல் மெல்லிய எண்ணெயைத் தாராளமாகப் பூசி ஒரு நாள் விடுங்கள். பிறகு 0000 நம்பர் ஸ்டீல் வுல்லை (மிக நுண்ணிய எஃகு இழை) அதே எண்ணெயில் நனைத்து, அழுத்தாமல் தேயுங்கள். முதலில் கிரிப்புக்கு அடியில் மறைந்திருக்கும் இடத்தில் முயன்று, பூச்சு வெளுக்கவில்லை என்று உறுதியான பிறகே வெளிப்பக்கம் வாருங்கள். பெரும்பாலும் இதுவே போதும்.

அதற்கும் அசையாத துரு என்றால் கொதிநீர் முறை. ஸ்லைடைத் தனியே எடுத்து, ஃபயரிங் பின் (தோட்டாவின் பின்பக்கம் அடிக்கும் ஊசி), அதன் ஸ்பிரிங், எக்ஸ்ட்ராக்டர் (காலிக் கூட்டை இழுக்கும் கொக்கி) எல்லாவற்றையும் கழற்றுங்கள். அசிட்டோனால் எண்ணெய்ப் பிசுக்கு துளியும் இல்லாமல் துடையுங்கள். காய்ச்சி வடித்த நீரில் முழுக்க மூழ்கும்படி கம்பியில் தொங்கவிட்டு, 20 முதல் 30 நிமிடம் கொதிக்க விடுங்கள். குழாய்த் தண்ணீர் ஆகாது. அதிலுள்ள உப்பு வெள்ளைத் திட்டாகப் படியும். கொதிக்கக் கொதிக்கச் செந்துரு கருப்பு ஆக்சைடாக மாறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். வெளியே எடுத்ததும் சூட்டிலேயே ஈரம் காய்ந்துவிடும். மேலே கரிப்பொடி போல் நிற்பதை, எண்ணெய் நீக்கிய ஸ்டீல் வுல்லால் மெதுவாகத் துடைத்தெடுங்கள். செம்மை மிச்சம் இருந்தால் இன்னும் ஒரு முறையோ இரு முறையோ கொதிக்க வையுங்கள். கடைசியில் நிறைய எண்ணெய் பூசி ஓர் இரவு விடுங்கள். பாஸ்பேட் பூச்சு நுண்துளைகள் உள்ளது, எண்ணெயை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அந்த எண்ணெய்தான் இனி துருவைத் தடுக்கும். இந்தப் பாத்திரத்தில் மறுபடி சமைக்கக் கூடாது. துப்பாக்கி அழுக்கில் ஈயம் இருக்கும்.

என்னிடம் நான்கு பழைய மேகசின்கள். சில நேரம் தோட்டா சிக்குகிறது, சில நேரம் கடைசித் தோட்டா போன பிறகும் ஸ்லைடு திறந்து நிற்பதில்லை. பிஸ்டலில் கோளாறா? – அட்லான்டா வாசகர்

பிஸ்டலைக் குறை சொல்லும் முன் மேகசின்களுக்கு எண் போடுங்கள். அடியில் சிறு டேப் ஒட்டி 1, 2, 3, 4 என்று எழுதினால் போதும். சிக்கல் எப்போதும் 3-ஆம் எண்ணில்தான் வருகிறது என்றால் பிஸ்டல் குற்றவாளி அல்ல. நான்கிலும் வருகிறது என்றால் பிஸ்டலின் ரீகாயில் ஸ்பிரிங்கையும் (பின்சென்ற ஸ்லைடை முன்னே தள்ளுவது) எக்ஸ்ட்ராக்டரையும் பாருங்கள்.

ஸ்லைடு திறந்து நிற்காததற்கு எளிய சோதனை உண்டு. காலி மேகசினைப் போட்டு ஸ்லைடைக் கையால் முழுக்க இழுங்கள். கையால் இழுத்தால் நிற்கிறது, சுடும்போது மட்டும் நிற்கவில்லை என்றால் மேகசின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. ஸ்லைடின் வேகத்துக்கு ஈடுகொடுத்து ஃபாலோயரை (தோட்டாக்களைத் தாங்கும் தகடு) மேலே தள்ள அதனால் முடியவில்லை. கையால் இழுத்தாலும் நிற்கவில்லை என்றால் ஃபாலோயரின் படி தேய்ந்திருக்கும், அல்லது ஸ்லைடு ஸ்டாப்பின் (ஸ்லைடைத் திறந்து நிறுத்தும் நெம்பு) உள்நாக்கு தேய்ந்திருக்கும்.

தோட்டா மூக்கு கீழே சாய்ந்து ராம்ப்பில் (தோட்டா சேம்பருக்கு ஏறும் சரிவு) முட்டினால் அதுவும் பெரும்பாலும் ஸ்பிரிங் தளர்ச்சிதான், அல்லது மேகசின் குழாய்க்குள் அழுக்கு. தோட்டா சீக்கிரமே விடுபட்டு மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றால் மேகசினின் உதடுகள், அதாவது தோட்டாவைப் பிடித்து வைக்கும் மேல் மடிப்புகள், விரிந்திருக்கின்றன. நன்றாக வேலை செய்யும் மேகசின் ஒன்றோடு காலிப்பரால் அளந்து ஒப்பிடுங்கள். விரிந்ததைக் குறடால் நெருக்க நினைக்காதீர்கள். அந்தப் பகுதி கடினப்படுத்திய எஃகு. வளைத்தால் மடிப்பின் பின்மூலையில் விரிசல் விடும். விரிசல் ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்க்க, அந்த மூலையில் எண்ணெய் தடவித் துணியால் நன்றாகத் துடையுங்கள். சற்று நேரத்தில் மயிரிழை போல் எண்ணெய்க் கோடு கசிந்து வந்தால், அங்கே விரிசல். அந்த மேகசினைச் சுடுவதற்குப் பயன்படுத்தாதீர்கள்.

மேல்பாதி ஒரு நிறமும் கீழ்ப்பாதி வேறு நிறமுமாக மேகசின் இருந்தால் கவனம். உதடுகளைக் கடினப்படுத்த மேல்பகுதியை மட்டும் பதப்படுத்தியதால் வந்த இருநிறம் அது. பழைய, மதிப்புள்ள மேகசின். அதைப் பெட்டியில் வைத்துவிட்டு, சுடுவதற்குப் புதிதாக இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஸ்பிரிங் மாற்றும் முறை: ராணுவ மேகசினின் அடித்தகடு கழலாது, எல்லாம் மேல் வழியாகத்தான். ஃபாலோயரைக் கட்டையால் கீழே அழுத்தி, பக்கத்துத் துளை வழியே மெல்லிய பன்ச் கம்பியை ஸ்பிரிங் சுருள்களுக்கிடையே செருகுங்கள். ஸ்பிரிங் அங்கே தடைபட்டு நிற்கும். மேகசினைத் தலைகீழாக்கித் தட்டினால் ஃபாலோயர் நழுவி வரும். பிறகு மேல்வாயைக் கட்டை விரலால் மூடிக்கொண்டு கம்பியை உருவுங்கள். கண்ணாடி அணியாமல் இதைச் செய்ய வேண்டாம். ஸ்பிரிங் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று எடுக்கும்போதே படம் பிடித்துக்கொள்ளுங்கள். திருப்பிப் போட்டால் ஃபாலோயர் மூக்கைக் கவிழ்க்கும். குழாயின் உள்ளே துணியால் உலரத் துடைத்தால் போதும். எண்ணெய் ஊற்றினால் தூசி பசையாகிவிடும், தோட்டாவின் பிரைமரும் (தீப்பற்றவைக்கும் சிறு மூடி) கெடலாம்.

வேலை முடிந்ததும் ஏழு டம்மித் தோட்டாக்களைப் போட்டு, ஸ்லைடைக் கையோடு கொண்டுபோகாமல், முழுக்க இழுத்து விட்டு விட்டு ஏற்றிப் பாருங்கள்.

எந்தெந்த ஸ்பிரிங்குகளை மாற்ற வேண்டும்? – ஒஹாயோ வாசகர்

1945-க்குப் பிறகு அமெரிக்க ராணுவம் புதிய 1911ஏ1 வாங்கவில்லை. ஆகவே மிக இளைய ராணுவப் பிஸ்டலுக்கும் எண்பது வயது. உள்ளே இருக்கும் ஸ்பிரிங் எப்போது மாற்றியது என்று யாரும் சொல்ல முடியாது. ரீகாயில் ஸ்பிரிங் 16 பவுண்டு, மெயின் ஸ்பிரிங் (ஹாமர் என்ற சுத்தியலை இயக்குவது) 23 பவுண்டு; கூடவே ஃபயரிங் பின் ஸ்பிரிங். இந்த மூன்றையும் வாங்கிய அன்றே மாற்றுங்கள். பிறகு ரீகாயில் ஸ்பிரிங்கை 2,000 தோட்டாவுக்கு ஒருமுறை மாற்றினால் நல்லது. தளர்ந்த ஸ்பிரிங்கோடு சுட்டால் ஸ்லைடு ஒவ்வொரு முறையும் ஃபிரேமில் (பிடியுள்ள கீழ்ப்பகுதி) ஓங்கி மோதும். ஃபிரேம் விரிசல் விட்டால் அதற்கு மாற்று இல்லை. கனமான ஸ்பிரிங் போட்டால் இன்னும் பாதுகாப்பு என்று நினைத்து 20 பவுண்டு போடாதீர்கள். திரும்பும் ஸ்லைடு முன்பக்கம் அதே அளவுக்கு அடிக்கும்.

கழற்றிய பழைய ஸ்பிரிங்குகளை எண்ணெய் தடவி, பையில் போட்டு, பிஸ்டலோடு வையுங்கள். விற்கும் நாளில் வாங்குபவர் கேட்பார்.

முதல் உலகப் போர்க்கால ஸ்லைடுகள் வெப்பப் பதப்படுத்தப்படாத மென்மையான எஃகு. அவற்றில் 230 கிரெய்ன் எடைக் குண்டு உள்ள சாதாரணத் தோட்டாவே சுடலாம், அதுவும் அளவாக. அதிக அழுத்தத் தோட்டா கூடவே கூடாது.

ஸ்லைடு கோல்ட் நிறுவனத்துடையது, ஃபிரேம் இத்தாக்கா நிறுவனத்துடையது. ஏமாந்துவிட்டேனா? – நியூ ஜெர்சி வாசகர்

அவசியம் இல்லை. ராணுவப் பணிமனைகளில் புதுப்பிக்கும்போது பாகங்களைக் கூடையில் கொட்டி, கிடைத்ததைப் பொருத்தினார்கள். ஃபிரேமில் ராக் ஐலண்ட் பணிமனையின் ‘ஆர்ஐஏ’ போன்ற முத்திரை இருந்தால் அப்படி வந்ததாகவே இருக்கும்.

பழைய ராணுவத் தோட்டா சுட்ட மறுநாளே பேரலில் (குண்டு வெளியேறும் குழல்) துரு. ஏன்? – சியாட்டில் வாசகர்

அந்தக் காலப் பிரைமரில் பொட்டாசியம் குளோரேட் உண்டு. எரிந்த பின் அது உப்பாகப் பேரலில் படிந்து, காற்றின் ஈரத்தை இழுக்கும். எண்ணெய் உப்பைக் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். சுட்ட அன்றே பேரலைக் கழற்றி, வெந்நீரை ஊற்றி அலசி, பிரஷ் போட்டு, உலர்த்தி, பிறகு எண்ணெய் பூசுங்கள். ஸ்லைடின் முன்முகத்தையும், பேரலின் முன்முனையைத் தாங்கும் வளையமான புஷிங்கையும் மறக்காதீர்கள்.

திரும்பப் பூட்டும்போது ஃபிரேமின் இடப்பக்கம் வளைவாக ஒரு கீறல் விழுந்துவிட்டது. – ஹூஸ்டன் வாசகர்

ஸ்லைடு ஸ்டாப்பைப் பாதி செருகி, அதன் முனையை ஃபிரேம் மேல் உரசியபடி மேலே சுழற்றியதால் வந்த கீறல் அது. அந்த இடத்தில் முதலில் டேப் ஒட்டுங்கள். ஸ்லைடின் பள்ளம் நேருக்கு நேர் வரும்வரை வைத்து, தட்டையான மெல்லிய முனையால் பிளஞ்சரை (ஸ்பிரிங்கில் நிற்கும் சிறு முள்) உள்ளே அழுத்திக்கொண்டு, ஸ்டாப்பை நேராக உள்ளே தள்ளுங்கள்.

பூட்டி முடித்ததும் காலிப் பிஸ்டலில் மூன்று சோதனை செய்யுங்கள். ஹாமரை ஏற்றி, சேஃப்டி போட்டு, ட்ரிகரை அழுத்தி விடுங்கள். பிறகு சேஃப்டியை இறக்குங்கள். ட்ரிகரைத் தொடாமலே ஹாமர் விழுந்தால் சேஃப்டி தேய்ந்திருக்கிறது. மறுபடி ஏற்றி, கிரிப் சேஃப்டியை (பிடியின் பின்பக்கப் பூட்டு) அழுத்தாமல் ட்ரிகரை இழுங்கள், விழக் கூடாது. கடைசியாக, ஸ்லைடைக் கால் அங்குலம் பின்தள்ளிப் பிடித்து, ட்ரிகரை இழுங்கள். அப்போதும் விழக் கூடாது. மூன்றில் ஒன்று தவறினாலும் பிஸ்டலைச் சுடாமல் துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோங்கள். ஹாமரைப் பிடித்து வைக்கும் சியர், ஸ்லைடு மூடாதவரை சுடவிடாத டிஸ்கனெக்டர் இரண்டும் அரத்தை வைத்து வீட்டில் தேய்க்கும் பாகங்கள் அல்ல.