ஆன்டிபாடியின் வாலும் ஒரு துளி சர்க்கரையும்: கேள்வி பதில்

இயற்கைக் கொல்லி செல்களைப் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதற்கு இத்தனை கேள்வி வரும் என்று நினைக்கவில்லை. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. ஆன்டிபாடி ஆய்வுக்கூடத்தில் பதினோரு வருடமாகப் பிப்பெட் பிடிப்பவன். யாருக்கு எந்த மருந்து என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். மருந்து உள்ளே போய் என்ன செய்கிறது என்பது வரைக்கும்தான் என் எல்லை.

சுமதி, ஈரோடு: கொல்லி செல் என்று பெயரே வில்லன் மாதிரி இருக்கிறது. அதற்குத் தானாகவே கொல்லத் தெரியும் என்றால் ஆன்டிபாடி எதற்கு?

1975-இல் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் கீஸ்லிங், க்ளைன், விக்செல் மூவரும், அமெரிக்காவில் ஹெர்பர்மன் குழுவும் தனித்தனியே இதைக் கண்டார்கள். முன்பின் பார்த்திராத புற்றுசெல்லை எலியின் சில வெள்ளை அணுக்கள் கொன்றன. பயிற்சி இல்லாமலே கொல்வதால் 'இயற்கை'. அதற்கு முன்பும் இது பலர் கண்ணில் பட்டதுதான். பரிசோதனைக் கோளாறு என்று ஒதுக்கிவிட்டார்கள்.

இந்தச் செல் அடையாள அட்டை கேட்கும் காவலாளி. நம் உடம்பின் செல்கள் பெரும்பாலும் எம்.எச்.சி. முதல் வகைப் புரதத்தை வெளியே மாட்டியிருக்கும். அது இல்லாத செல் காவலாளியிடம் சிக்கும். இதை விளக்கியவர் ஸ்வீடனின் க்ளாஸ் கேர. ஆனால் நிறைய புற்றுசெல்கள் அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டபடியே திரிகின்றன. காவலாளி விட்டுவிடுவார். அங்கேதான் ஆன்டிபாடி தேவைப்படுகிறது.

ஆன்டிபாடி ஒரு புரதம், வடிவம் ஒய் எழுத்து மாதிரி. இரண்டு கை, ஒரு வால். கைகள் புற்றுசெல்லைப் பிடிக்கும். வாலை, கொல்லி செல்லின் மேலிருக்கும் சிடி16 என்ற புரதம் பிடிக்கும். பிடித்ததும் கொல்லி செல் விடும் பெர்ஃபோரின் என்ற புரதம் ஓட்டை போடும், கிரான்சைம் என்ற நொதி உள்ளே போய் முடிக்கும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் கொல்லி செல் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்திருக்கும், பெரிதாக எதுவும் நடக்காது. அப்புறம் திடீரென்று புற்றுசெல்லின் ஓரமெல்லாம் உலை கொதிக்கிற மாதிரி குமிழ் குமிழாகக் கிளம்பும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

அருள், திருநெல்வேலி: கைகள்தான் புற்றைப் பிடிக்கின்றன. பிறகு ஏன் எல்லாரும் வாலை நோண்டுகிறீர்கள்?

நல்ல கேள்வி. 2000-இல் க்ளைன்ஸ், ராவெச் குழு எலிகளில் காட்டினார்கள்: வாலைப் பிடிக்கும் ஏற்பிகள் வேலை செய்யாத எலிகளில் மார்பகப் புற்றுக்கான ஹெர்செப்டின், லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுக்கான ரிட்டுக்சிமாப் ஆகிய ஆன்டிபாடி மருந்துகள் பெருமளவு பலமிழந்தன. கை அப்படியே இருந்தது, இலக்கு அப்படியே இருந்தது, ஆனாலும் கட்டி வளர்ந்தது.

சரி, வாலில் என்ன செய்யலாம்? அந்த வாலின் இரு இழைகளிலும் 297-ஆம் அமினோ அமிலத்தில் கிளை விட்ட ஒரு சர்க்கரைச் சங்கிலி ஒட்டியிருக்கும். அதன் அடியில் ஃப்யூகோஸ் என்ற ஒரே ஒரு சர்க்கரை. சிடி16 வந்து பிடிக்கும்போது இது நடுவில் இடிக்கிறது. கை குலுக்கும்போது எதிராளியின் மோதிரம் உறுத்துமே, அது மாதிரி. 2002-இல் ஜெனென்டெக் விஞ்ஞானிகள் ஃப்யூகோஸ் இல்லாத ஆன்டிபாடியை அளந்து பார்த்தபோது பிடிப்பு 50 மடங்கு வரை கூடியிருந்தது. புரதத்தில் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை!

மோதிரத்தைக் கழற்ற இரண்டு வழி. ஆன்டிபாடியை உற்பத்தி செய்வது சீன வெள்ளெலியின் சூலக செல்கள். ஜப்பானின் கியோவா ஹக்கோ அந்தச் செல்லில் எஃப்.யூ.டி.8 என்ற மரபணுவையே நீக்கிவிட்டது. ஃப்யூகோஸ் ஒட்டவே ஒட்டாது. ஜூரிக்கின் கிளைக்ஆர்ட் வேறொரு நொதியைக் கூடுதலாகப் புகுத்தி, ஃப்யூகோஸ் ஒட்டுவதற்குள் சங்கிலியின் வடிவத்தை மாற்றியது. 2005-இல் ரோஷ் அந்தக் கம்பெனியையே வாங்கிவிட்டது.

மீனாட்சி, மதுரை: இதெல்லாம் எலியோடு நின்றுவிட்டதா, மருந்தாக வந்ததா?

வந்தது. மொகமுலிசுமாப், 2012, ஜப்பான். கியூஷு பக்கம் அதிகம் காணப்படும் எச்.டி.எல்.வி.-1 வைரஸால் வரும் டி-செல் லுகேமியா என்ற ரத்தப் புற்றுக்கு. அடுத்த வருடம் அமெரிக்காவில் ஒபினுடுசுமாப். லுகேமியாவுக்கு அதன் முதல் 1000 மில்லிகிராமை 100, 900 என்று பிரித்துத்தான் ஏற்றுவார்கள். முதல் தடவை உடம்பு நடுங்கிக் காய்ச்சல் வருவது சகஜம். கொல்லி செல்கள் ஒரே நேரத்தில் கிளம்பினால் ரத்தத்தில் சைட்டோகைன் என்ற சமிக்ஞைப் புரதங்கள் பொங்கும்.

சர்க்கரையைத் தொடாமல் வாலின் அமினோ அமிலங்களையே மாற்றும் வழியும் உண்டு. மார்ஜெடுக்சிமாப் என்ற மருந்தில் அப்படி ஐந்து மாற்றங்கள். 536 மார்பகப் புற்று நோயாளிகளிடம் ஹெர்செப்டினோடு மோதவிட்டார்கள். நோய் முற்றாமல் இருந்த காலம் 4.9 மாதத்திலிருந்து 5.8 ஆனது. 2020-இல் அனுமதி கிடைத்தது. கடைசிக் கணக்கில் உயிர் வாழ்ந்த காலம் 21.6 மாதம், ஹெர்செப்டினுக்கு 21.9. என்னைக் கேட்டால், ஆய்வுக்கூடத் தட்டில் ஜெயித்தது ஆஸ்பத்திரியில் அவ்வளவாக ஜெயிக்கவில்லை.

பாலாஜி, சேலம்: அப்பாவுக்கு ரிட்டுக்சிமாப் போட்டோம். அடுத்த படுக்கைக்காரருக்கு வேகமாகக் குணமானது. மரபணுதான் காரணமா?

ஒரு பங்கு இருக்கலாம். சிடி16-இல் 158-ஆம் இடத்தில் சிலருக்கு வேலின் என்ற அமினோ அமிலம், சிலருக்கு ஃபினைல்அலனின். வேலின் இருந்தால் பிடிப்பு இறுகும். 2002-இல் பிரான்சில் ரிட்டுக்சிமாப் மட்டுமே வாங்கிய ஃபாலிகுலர் என்ற வகை லிம்ஃபோமா வந்த 49 நோயாளிகளைப் பார்த்தார்கள். சிடி16 மரபணுவின் இரு பிரதியும் வேலினாக இருந்தவர்களில் இரண்டு மாதத்தில் எல்லாருக்குமே பலன் தெரிந்தது. மற்றவர்களில் 67 சதவீதம். ஆனால் கீமோவும் சேர்த்துக் கொடுத்த பிந்தைய ஆய்வுகளில் இந்த வித்தியாசம் எப்போதும் தெரிவதில்லை. நோயின் கட்டம், வயது, கட்டியின் குணம் என்று இன்னும் எவ்வளவோ இருக்கிறது. இதற்காக டெஸ்ட் தேடி அலைய வேண்டாம், அப்பாவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஷாஜஹான், வேலூர்: விலை குறைந்த பயோசிமிலரில் அந்தச் சர்க்கரை சரியாக இருக்குமா?

பயோசிமிலர் என்றால் அசல் மருந்தை ஒத்து வேறு கம்பெனி செய்வது. பார்த்துத்தான் அனுமதிக்கிறார்கள். சுவாரசியம் என்னவென்றால், அசலே தடம் மாறியது உண்டு. ஹெர்செப்டினுக்குப் பயோசிமிலர் தயாரித்த சாம்சங் பயோஎபிஸ், கடையில் வாங்கிய அசல் மருந்தைத் தொகுதி தொகுதியாக அளந்தது. 2018 ஆகஸ்டுக்கும் 2019 டிசம்பருக்கும் இடையே காலாவதியாகும் தொகுதிகளில் சர்க்கரை அமைப்பு நகர்ந்து, சிடி16 பிடிப்பும் கொல்லும் திறனும் குறைந்திருந்தன. 2017-இல் இதைக் கட்டுரையாகவே போட்டார்கள். அசல், நகல் என்று பேசுபவர்களிடம் நான் முதலில் காட்டுவது அந்த வரைபடத்தைத்தான்.

விஜயா, தஞ்சாவூர்: கொல்லி செல்லைக் கூட்டும் என்று காளான் கேப்சூல் விற்கிறார்கள். வாங்கலாமா?

அந்தக் காசுக்குப் பழம் வாங்குங்கள். சிகிச்சையில் இருப்பவர் என்றால், எதை விழுங்குவதாக இருந்தாலும் டாக்டரிடம் சொல்லிவிட்டு.

கௌதம், கோவை: மருந்து கொல்லி செல்லையே கொன்றுவிடாதா?

கொல்லும்! டாராடுமுமாப் என்ற மருந்து, எலும்பு மஜ்ஜைப் புற்றான மைலோமாவின் செல்லில் உள்ள சிடி38 என்ற புரதத்தைப் பிடிக்கிறது. அதே சிடி38 கொல்லி செல்லின் மேலும் இருக்கிறது. அண்ணன் தம்பியை அடிக்கிற கதை. ரத்தத்தில் அந்தச் செல்கள் மடமடவென்று குறையும். அப்படியும் மருந்து நன்றாகவே வேலை செய்கிறது, ஏனென்றால் அதற்குக் கொல்லி செல் ஒன்றே வழி இல்லை. எலோடுசுமாப் என்ற இன்னொரு மைலோமா மருந்து இதற்கு நேர்மாறு. புற்றுசெல்லையும் பிடிக்கும், கொல்லி செல்லை நேராக உசுப்பவும் செய்யும்.

நளினி, புதுச்சேரி: நுரையீரல், குடல் கட்டிகளில் ஏன் பெரிதாக எதுவும் கேள்விப்படவில்லை?

லிம்ஃபோமா ரத்தத்துக்குப் பக்கத்து வீடு. திடக்கட்டி அப்படியில்லை, கொல்லி செல் உள்ளே போவதே கஷ்டம். போனாலும் கட்டிக்குள் இருக்கும் டிஜிஎஃப்-பீட்டா என்ற புரதம் அதைச் சோர்வாக்கும். இன்னொரு தலைவலி, கொல்லி செல் கிளர்ந்ததும் ஆடம்17 என்ற நொதி சிடி16-ஐயே வெட்டி உதிர்த்துவிடும். அதனால்தான் சிடி16-ஐ மட்டும் நம்பாமல் கொல்லி செல்லின் மேலுள்ள என்.கே.பி.46 போன்ற வேறு கொக்கிகளையும் சேர்த்து மூன்று, நான்கு பிடியுள்ள ஆன்டிபாடிகளைக் கட்டுகிறார்கள்.

எனக்கு மிகப் பிடித்தது ஜெர்மனியின் அஃபிமெட் செய்த ஏ.எஃப்.எம்.13. ஒரு பக்கம் புற்றுசெல்லின் சிடி30-ஐப் பிடிக்கும், மறுபக்கம் கொல்லி செல்லின் சிடி16-ஐ. அதைத் தொப்புள்கொடி ரத்தத்துக் கொல்லி செல்களோடு முன்கூட்டியே கலந்து, ஹூஸ்டனின் எம்.டி. ஆண்டர்சனில் லிம்ஃபோமா முற்றிய 42 பேருக்கு ஏற்றினார்கள். 39 பேருக்குப் பலன். 28 பேருக்கு நோய் முழுதாக மறைந்தது. அது லிம்ஃபோமாதான், திடக்கட்டி இல்லை என்பதை மறக்க வேண்டாம். இவ்வளவுக்கும் பிறகு 2025-இல் அஃபிமெட் திவால் மனு கொடுத்தது. மருந்து தோற்கவில்லை, பணம் தீர்ந்துபோனது.

இளவரசன், பி.எஸ்சி. மூன்றாம் ஆண்டு: இந்தத் துறைக்கு வர என்ன கற்க வேண்டும் சார்?

ஃப்ளோ சைட்டோமெட்ரி (செல்களை ஒவ்வொன்றாக லேசரில் அளப்பது), புரதச் சுத்திகரிப்பு, கொஞ்சம் புள்ளியியல். அதைவிட, பொறுமை. கொல்லி செல் உறைய வைத்து எடுத்தால் மந்தமாகிவிடும், அன்றன்று எடுத்த ரத்தம்தான் நல்லது. எங்கள் கூடத்தில் ஒரு தம்பிக்கு இரு பிரதியும் வேலின். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து போட்ட நாள் முதல் எல்லாருக்கும் அவன் ரத்தம்தான் வேண்டும். ஊசியைப் பார்த்ததும் மாடிப்படி பக்கம் நழுவப் பார்ப்பான். தேங்காய் பன் வாங்கி வைத்தால் திரும்பி வருவான்.