மதிய உறக்கம் – ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

மார்த்தாண்டத்தில் வீட்டிலிருந்தபடியே கணினி வேலை பார்க்கிறேன். தேர்வுக்குப் படிக்க நேரம் வேண்டும் என்பதால், இரவில் நாலரை மணி நேரம், மதியம் ஒன்றரை மணி நேரம் என உறக்கத்தைப் பிரித்துக்கொண்டேன். நம் முன்னோரும் இப்படித்தான் உறங்கினார்கள் என்று படித்திருக்கிறேன். மூன்று வாரமாகியும் மதியம் எழுந்தால் தலை கனக்கிறது. மாலையில் தக்கலைக்குப் பைக்கில் போகையில் கண் சொருகுகிறது. நான் படுக்கும் நேரத்தில்தான் அம்மா மிக்சியைப் போடுகிறார், சொன்னாலும் கேட்பதில்லை. தொடர்ந்தால் பழகிவிடுமா? இதற்கு நல்ல செயலி உண்டா?

ஆர்.

அன்புள்ள ஆர்,

செயலி வேண்டாம், கடிகாரம் போதும். முன்னோரையும் விட்டுவிடுங்கள். அமெரிக்க வரலாற்றாசிரியர் ரோஜர் எகிர்ச் 2001இல் எழுதிய கட்டுரை பல கைமாறி உங்களிடம் வந்திருக்கிறது என்று நினைக்கிறேன். அவர் சொன்னது பழைய ஐரோப்பாவில் மக்கள் இரவுக்குள்ளேயே இரண்டு தவணையாக உறங்கியதைப் பற்றி. மதிய உறக்கத்தைப் பற்றியல்ல.

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது மிக்சிதான். குலசேகரம் பக்கத்தில் என் அப்பா ரப்பர் பால்வெட்டும் தொழிலாளி. வெயில் ஏறினால் மரத்தினுள் நீரழுத்தம் குறைந்து பால் ஒழுகுவது மட்டுப்படும் என்பதால், விடிவதற்கு வெகு முன்பே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு போய், ஏறத்தாழ 300 மரங்களின் பட்டையைக் கீறி, பின்பு சிரட்டை சிரட்டையாகப் பாலெடுத்து, ஆசிட் கலந்து உறைய வைத்துவிட்டே வீடு திரும்புவார். கஞ்சி குடித்துவிட்டு அவர் படுத்தால் நாங்கள் பிள்ளைகள் முற்றத்தில்கூடப் பேசமாட்டோம். ஆனால் அவருக்குப் பாலில்லாத கட்டன்சாயா போட அவருக்கும் முன்னே எழுந்து, வாளியோடு பாலெடுக்கவும் உடன்சென்ற அம்மா மதியத்தில் படுத்து நான் பார்த்ததில்லை. விறகும் தண்ணீரும் துணியும் அந்த வேளைக்கென்றே காத்துக் கிடந்தன. அப்பாவின் உறக்கத்தை உழைப்பின் உரிமையாகக் கண்ட அதே ஊர், மதியம் கண்ணயரும் பெண்ணைச் சோம்பேறி என்றது.

உறக்கத்தைப் பிரித்துக்கொண்டேன் என்று பெருமையாகச் சொல்கிற ஆண்களிடமெல்லாம், அந்த இரண்டாம் உறக்கத்துக்கு யார் காவல் இருக்கிறார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. மதியத்துக்குப் பின் விழிப்பு சற்றுத் தாழ்வது மனித உடலின் இயல்பு, உண்ணாவிட்டாலும் அது நிகழும். உங்கள் அம்மாவுக்கும் அந்த நேரத்தில் கண் சொருகத்தான் செய்யும். அதை மீறி அவர் அரைத்துக்கொண்டிருக்கிறார் என்பதை நினைக்காமல், சொன்னாலும் கேட்பதில்லை என்று புகார் எழுதுகிறீர்கள். தேங்காயைக் காலையிலேயே நீங்கள் அரைத்து வைத்துவிட்டு, அம்மாவையும் சற்றுப் படுக்கச் சொல்லியிருக்கலாமே, தம்பி?

பழகுமா என்று கேட்டீர்கள், பழகாது. வளர்ந்தவர்களுக்கு ஏழு மணி நேரமாவது உறக்கம் தேவை. நீங்கள் இரண்டாகப் பிரித்தது ஆறு மணி நேரத்தை. இரவில் பட்டினி கிடந்த உடல் மதியம் படுத்ததுமே ஆழ்ந்த உறக்கத்துக்குள் விழுகிறது. அதன் நடுவே எழுப்பப்பட்டால் தலை கனக்காமல் என்ன செய்யும்? இரவு உறக்கத்தை ஏழு மணி நேரமாக்கி, மதியத்தை இருபது நிமிடத்தோடு நிறுத்துங்கள், அதுவும் மூன்று மணிக்கு முன்பாக. தேர்வுக்கான நேரத்தைக் கைப்பேசியிடமிருந்து பிடுங்கிக்கொள்ளலாம். கண் தெளியும்வரை தக்கலைக்குப் பைக்கில் போக வேண்டாம், பேருந்தில் போங்கள்.