கியாந்திக் குன்றுகளில் ஓட்டம்: கேட்டதும் சொன்னதும்

வணக்கம். இத்தாலியில் சியனாவுக்கு வடக்கே, கியாந்தித் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே 11 வருடமாகக் குடியிருக்கிறேன். வாரத்தில் நான்கு நாள் ஓட்டம். மூன்று அறுவடைக் காலம் கூலிக்குத் திராட்சை பறித்திருக்கிறேன். கியாந்தி இருக்கும் தொஸ்கானா மாநிலம் எனக்கு நன்றாகத் தெரியும், வடமேற்கே பியெமோந்தே மாநிலம் கொஞ்சம் தெரியும். கேளுங்கள்.

சூரிச்சிலிருந்து: அக்கா, மே மாதம் மூன்று நாள் புளோரன்ஸ் வருகிறேன். சமதளத்தில் 15 கி.மீ. ஒன்றரை மணி நேரத்துக்குள் ஓடுவேன். கியாந்தியில் எங்கே ஓடலாம்?

முதலில் அந்த 15 கி.மீ. கணக்கை ஊரிலேயே வைத்துவிட்டு வாருங்கள் தம்பி. இங்கே தூரம் பேசாது, ஏற்றம்தான் பேசும். மலையோட்டக்காரர்கள் 100 மீட்டர் ஏற்றத்தை ஒரு கிலோமீட்டராகக் கூட்டிக்கொள்வார்கள். 15 கி.மீ. பாதையில் 450 மீட்டர் ஏற்றம் இருந்தால் அது பத்தொன்பதரை கி.மீ. உழைப்பு.

ராத்தா, வோல்பாயா என்று இரண்டு ஊர்கள். ஒன்று சுமார் 530 மீட்டர் உயரத்தில், மற்றது 600-க்குச் சற்று மேலே. வரைபடத்தைப் பார்த்தால் லேசான ஏற்றம் என்றுதான் தோன்றும். போய்ப் பார்த்தால் நடுவில் பேசா ஆற்றுப் பள்ளத்தாக்கு. அடிவரை இறங்கி முழுவதும் ஏற வேண்டும். திரும்பும்போது அதே கதை. இங்கே பழைய ஊர்களெல்லாம் காவலுக்காகக் குன்றின் உச்சியில் கட்டியவை. உச்சியில் அறை எடுத்தால் காலையில் இறக்கத்தில் உற்சாகமாகக் கிளம்பி, களைத்த கால்களோடு கடைசி இரண்டு கிலோமீட்டரும் ஏறித்தான் வீடு சேர வேண்டும். அதற்கு வலுவை மிச்சம் வையுங்கள்.

முதல் நாள் புளோரன்ஸிலிருந்து பேருந்தில் கிரேவே வாருங்கள். சந்தைச் சதுக்கத்திலிருந்து மோந்தேபியோராலேக்கு ஏறுங்கள். தூரம் சின்னது, ஏற்றம் கடுமை. மேலே கோட்டைச் சுவருக்குள் வட்டமாக ஒரே தெரு. அதைச் சுற்றி வந்து இறங்கினால் உங்கள் கால் எப்படி என்று உங்களுக்கே தெரிந்துவிடும். இரண்டாம் நாள் பன்சானோ. ஊருக்குத் தெற்கே சான் லியோலீனோ என்ற பழைய கோயில் இருக்கிறது. அதைத் தாண்டிப் போகும் மண்சாலைகளில் ஓடுங்கள். மூன்றாம் நாள் மோந்தேரிஜ்ஜோனியிலிருந்து சியனா வரை, சுமார் 20 கி.மீ. இது கேன்டர்பரி பேராயர் சிகெரிக் 990-இல் ரோமிலிருந்து திரும்பிய பிரான்சிஜேனா யாத்திரைப் பாதையின் ஒரு பகுதி. காடு, வயல், வெள்ளை மண்சாலை எல்லாம் மாறி மாறி வரும். கிளம்பும்போது ஒருமுறை திரும்பிப் பாருங்கள். 14 கோபுரங்களோடு மோந்தேரிஜ்ஜோனியின் கோட்டைச் சுவர் குன்றின்மேல் கிரீடம் மாதிரி உட்கார்ந்திருக்கும். இத்தனை வருடத்துக்குப் பிறகும் எனக்கு அங்கே கால் நின்றுவிடுகிறது.

ஒன்று மட்டும் வேண்டாம். கியாந்திஜானா எனப்படும் 222-ஆம் எண் சாலையில் ஓடாதீர்கள். படத்தில் அழகு. ஆனால் ஓரம் கிடையாது, வளைவுக்கு வளைவு மோட்டார் சைக்கிள்.

சென்னையிலிருந்து: எந்த மாதம் வரலாம் மேடம்? பள்ளி விடுமுறையை ஒட்டி ஜூலையில் வர நினைக்கிறோம்.

ஏப்ரலிலிருந்து ஜூன் தொடக்கம் வரை, அல்லது செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் வரை. ஜூலைதான் முடியும் என்றால் விடியுமுன் கிளம்புங்கள். 35 டிகிரி சாதாரணம், வெள்ளை மண்சாலையில் நிழலே இருக்காது.

கியாந்தி ஒயின் குப்பிகளில் கறுப்புச் சேவல் படம் பார்த்திருப்பீர்கள். புளோரன்ஸும் சியனாவும் எல்லைக்காக அடித்துக்கொண்ட காலத்துக் கதை அது. இரண்டு ஊரிலிருந்தும் சேவல் கூவியதும் ஒரு குதிரைவீரன் கிளம்புவது, இருவரும் சந்திக்கும் இடமே எல்லை என்று ஒப்பந்தம். புளோரன்ஸ்காரர்கள் கறுப்புச் சேவலைப் பட்டினி போட்டார்கள். அது பசியில் இருட்டிலேயே கூவிவிட்டது. அவர்கள் வீரன் சியனாவுக்குப் பக்கத்தில் போந்தேரூத்தோலி வரை வந்துவிட்டான். ஜூலையில் நீங்களும் அந்தச் சேவலுக்குத்தான் எழ வேண்டும். ஒன்பது மணிக்கு ஓட்டம் முடிந்திருக்க வேண்டும்.

பலெர்மோவிலிருந்து: அக்கா, நான் பலெர்மோவில இருக்கிறன். ஞாயிறுகளில மொந்தே பெல்லெகிரீனோ ஏறி சாந்தா ரொசாலியா மாதா கோயில் வரைக்கும் ஓடுறனான். தொஸ்கானாவில ஒரு போட்டி ஓட ஆசை. என்ன செய்யோணும்?

தம்பி, அந்த மலையை வாராவாரம் ஏறுகிறவருக்குக் கியாந்தி பயப்பட வேண்டிய இடமே இல்லை. நம் சனம் வேண்டுதலோடு நடந்து ஏறும் பாதையில் நீங்கள் ஓடுகிறீர்கள் என்பது கேட்கவே நிறைவாக இருக்கிறது.

ஆனால் கால் தயாராக இருந்தாலும் காகிதம் இல்லாமல் இத்தாலியில் நேரக்கணக்குப் போட்டியில் எண் தரமாட்டார்கள். போட்டி விளையாட்டுக்கான மருத்துவச் சான்றிதழ் 1982-ஆம் ஆண்டு ஆணைப்படி கட்டாயம். விளையாட்டு மருத்துவரிடம் போக வேண்டும். ஓய்விலும் உழைப்பிலும் இ.சி.ஜி., மூச்சுத்திறன் சோதனை, சிறுநீர்ச் சோதனை செய்வார்கள். ஓட்டச் சங்கத்தில் உறுப்பினராக இல்லாவிட்டால், இத்தாலியத் தடகளச் சம்மேளனம் தரும் ரன்கார்டு அட்டையும் எடுங்கள். இதை வெறும் சம்பிரதாயம் என்று நினைக்காதீர்கள். என்னோடு ஓடிய ஒருவருக்கு அந்தச் சோதனையில்தான் இதயத் துடிப்பில் கோளாறு தெரிந்தது. இன்று நன்றாக இருக்கிறார். மார்ச்சில் ராத்தாவில் கியாந்தி அல்ட்ரா டிரெயில் என்ற நெடுந்தூர மண்பாதைப் போட்டி நடக்கும். அதில் குறுகிய தூரம் ஒன்றைப் பாருங்கள்.

துபாயிலிருந்து: இங்கே மலையே இல்லை. எப்படிப் பயிற்சி எடுப்பது?

நல்ல கேள்வி. எல்லோரும் ஏற்றத்துக்குத்தான் பயப்படுகிறார்கள், ஆளைச் சாய்ப்பது இறக்கம். ஏறும்போது மூச்சு வாங்கும், நின்றால் சரியாகிவிடும். இறங்கும்போது முன்தொடைத் தசை சுமையைத் தாங்கிக்கொண்டே நீள்கிறது. அதில் நுண்ணிய கிழிசல்கள் விழும். வலி அன்றைக்குத் தெரியாது. மறுநாளும் அதற்கடுத்த நாளும் படி இறங்க முடியாது. மூன்று நாள் பயணத்தில் இரண்டு நாள் போய்விடும்.

தசைக்கு ஒரு நல்ல குணம் உண்டு. ஒருமுறை இறக்கத்தில் அடிபட்டுத் தேறினால் சில வாரம் அதே அடியைத் தாங்கும். அதனால் பயணத்துக்கு மூன்று வாரம் முன்னால் ஒருமுறை, பத்து நாள் முன்னால் ஒருமுறை இறக்கப் பயிற்சி செய்யுங்கள். அடுக்குமாடி வாகன நிறுத்தத்தின் சரிவுப் பாதை போதும், வண்டி வராத நேரமாகப் பாருங்கள். படிக்கட்டில் இறங்கினாலும் சரி. சின்ன எட்டு வையுங்கள், பின்னால் சாயாதீர்கள். ஏற்றத்துக்குச் சாய்த்து வைத்த டிரெட்மில். செங்குத்தான இடத்தில் நடப்பதற்கு வெட்கப்படாதீர்கள். அங்கே மெதுவாக ஓடுவதைவிட வேகமாக நடந்தால் செலவாகும் சக்தி குறைவு.

கோவையிலிருந்து: ஒரு நாளைக்கு எத்தனை கி.மீ. ஓடலாம்?

சூரிச் தம்பிக்குச் சொன்னதைப் படியுங்கள். ஏற்றத்தைக் கேளுங்கள்.

மிலானிலிருந்து: போன மாதம் பியெமோந்தேயின் லாங்கேக் குன்றுகளில் திராட்சை வரிசைகளுக்கு நடுவே ஓடினேன். வேலி இல்லை, தடைப்பலகை இல்லை. ஒரு தோட்டக்காரர் கத்தி விரட்டினார். வேலியில்லாத நிலத்தில் வேட்டைக்காரன் நுழையலாம் என்று சட்டமே சொல்கிறது. துப்பாக்கி இல்லாத நான் ஏன் நுழையக் கூடாது?

நீங்கள் சொல்வது 1942-ஆம் ஆண்டுச் சிவில் சட்டத்தின் 842-ஆம் பிரிவு. அந்த உரிமை வேட்டைக்கு மட்டும். ஓடுகிறவருக்கு, நடக்கிறவருக்கு, படம் எடுக்கிறவருக்கு இல்லை. சேதமாகக்கூடிய பயிர் நிற்கும் நிலத்தை அந்தப் பிரிவே விலக்குகிறது. 1992-ஆம் ஆண்டு வேட்டைச் சட்டமும் திராட்சைத் தோட்டத்தில் அறுவடை முடியும்வரை அலைந்து வேட்டையாடுவதைத் தடுக்கிறது. வேட்டைக்காரனே நுழைய முடியாத நேரத்தில் நீங்கள் உள்ளே இருந்திருக்கிறீர்கள்.

அவரே மீண்டும்: ஓடுவதால் என்ன சேதம்? ஒரு குலையைக்கூடத் தொடவில்லை.

வியன்னாவிலிருந்து: மிலான் நண்பர் சொல்வது சரி. ஸ்காண்டிநேவியாவில் யாரும் எங்கும் நடக்கலாமே?

வியன்னா, அங்கேயும் பயிர் நிற்கும் வயலுக்குள் போக அனுமதியில்லை.

மிலான் தம்பி, பறித்த கையோடு சொல்கிறேன். மழைக்குப் பிறகு அந்தக் களிமண்ணில் மிதித்தால் மண் இறுகும், அடுத்த மழை உள்ளே இறங்காமல் சரிவில் வழிந்தோடும், மேல்மண்ணையும் கொண்டுபோகும். ஒருவர் போன தடத்தைக் கைபேசியில் பார்த்துப் பத்துப் பேர் வருவார்கள். கொடிகளைக் கம்பியில் கட்டியிருப்பார்கள். நிலைகொள்ளாமல் ஒரு கம்பியைப் பிடித்து இழுத்தால் இளம் தளிர் முறியும். அந்தத் தளிர்தான் இந்த வருடக் குலை.

எல்லாவற்றுக்கும் மேலே மருந்து. மே முதல் ஜூலை வரை அடிச்சாம்பல் நோய்க்கு மயில்துத்தம் கலந்த போர்டோ கலவை, சாம்பல் நோய்க்குக் கந்தகம். கந்தகத் தூள் கண்ணில் பட்டால் என்ன எரிச்சல் என்று எனக்குத் தெரியும். நீங்கள் வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு ஓடுகிறீர்கள். அந்த மனிதர் கத்தியது உங்கள் நல்லதுக்காகவும் இருக்கலாம்.

கம்பத்திலிருந்து: அக்கா சொல்றது உண்மைங்க. எங்க பன்னீர் திராட்சைப் பந்தல்ல போர்டோ கலவை அடிச்ச அன்னிக்கு வீட்டுப் பிள்ளைகளையே உள்ள விடமாட்டோம்.

நன்றி அண்ணா. விவசாயி வாயால் வந்தால் அதற்கு மேல் நான் சொல்ல என்ன இருக்கிறது.

ஸ்டுட்கார்ட்டிலிருந்து: நவம்பரில் வருகிறேன். குளிர்தானே, வேறு பிரச்சினை உண்டா?

உண்டு. வேட்டைக்காலம் செப்டம்பர் மூன்றாவது ஞாயிறு தொடங்கி ஜனவரி 31 வரை. நவம்பரில் காட்டுப்பன்றியைக் கூட்டமாகச் சேர்ந்து நாய்களோடு விரட்டிச் சுடுவார்கள். செவ்வாயும் வெள்ளியும் சட்டப்படி வேட்டை இல்லாத நாள்கள். காட்டுப் பாதைகளை அந்த இரண்டு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நாளில் ஊரை ஒட்டிய சாலையில் ஓடுங்கள். கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு மேற்சட்டை போடுங்கள், காதில் பாட்டு வேண்டாம். பாதையோரம் ‘பத்தூத்தா’ (விரட்டு வேட்டை) என்று பலகை வைத்திருந்தால் வந்த வழியே திரும்புங்கள். அன்றைய ஓட்டம் போகட்டும்.

பாரிஸிலிருந்து: தனியாக ஓடும் பெண்ணுக்குப் பாதுகாப்பா அக்கா? நாய்த் தொல்லை உண்டா?

நான் 11 வருடமாகத் தனியாகத்தான் ஓடுகிறேன் தங்கச்சி. மனிதர்களால் பயம் நேர்ந்ததில்லை. இருந்தாலும் எந்த வழியாகப் போகிறாய், எப்போது திரும்புவாய் என்று தங்கும் வீட்டில் சொல்லிவிட்டுப் போ. அவசர எண் 112.

நாய் என்றால், ஆட்டு மந்தை இருக்கும் இடத்தில் மாரெம்மா நாய்கள் இருக்கும். பெரிய, வெள்ளை நாய். ஓநாயிடமிருந்து ஆட்டைக் காப்பது அதன் வேலை. குரைத்துக்கொண்டு வந்தால் ஓடாதே, கத்தாதே, கல்லெடுக்காதே. நின்று, கண்ணைப் பார்க்காமல், மந்தையை விட்டு அகன்று சுற்றி நட. மந்தை தாண்டியதும் அது நின்றுவிடும்.

மதுரையிலிருந்து: 10 கி.மீ. போதுமா, 20 போகலாமா?

ஏற்றம், ஏற்றம், ஏற்றம். மேலே இரண்டு முறை சொல்லிவிட்டேன்.

லண்டனிலிருந்து: எத்னா எரிமலைச் சரிவில் ஓடியிருக்கிறீர்களா?

இல்லை. பலெர்மோ தம்பியைக் கேளுங்கள், அவர் அதே சிசிலித் தீவில் இருக்கிறார்.

ஓர் அன்பர்: போட்டிக்கு மருத்துவச் சான்றிதழ் இல்லாமல் வழி இருக்கிறதா?

நேரக்கணக்கு இல்லாத பொது ஓட்டங்கள் பலவற்றுக்குக் கேட்கமாட்டார்கள். போட்டிக்கு வேண்டும். குறுக்கு வழி தேடாதீர்கள், உங்கள் இதயம் அது.

மிலானிலிருந்து: சரி அக்கா, ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் லாங்கேயில் திராட்சைக்குப் பக்கத்தில், யாருக்கும் தொந்தரவில்லாமல் ஓட ஒரு பாதை சொல்லுங்கள்.

இதைக் கேட்டதில் சந்தோஷம். பரோலோவிலிருந்து லா மோராவுக்கு ஏறுங்கள். பரோலோ ஏறக்குறைய 300 மீட்டர், லா மோரா 513 மீட்டர். வழி நெடுகத் தோட்டங்கள்தான். சிவப்பு வெள்ளைக் குறியோ ஊராட்சிப் பலகையோ இருக்கும் பொதுப்பாதையை விட்டு விலகாதீர்கள். நடுவில் புருனாத்தே சரிவில் பல வண்ணம் பூசிய சின்னக் கோயில் ஒன்று நிற்கும். 1914-இல் தோட்டத் தொழிலாளர் மழைக்கு ஒதுங்கக் கட்டியது. 1999-இல் சோல் லெவிட் என்ற கலைஞர் வெளிச்சுவரையும் டேவிட் டிரெம்லெட் என்ற கலைஞர் உட்புறத்தையும் வண்ணமாக்கினார்கள். அங்கே நின்று மூச்சு வாங்கலாம்.

அக்டோபரில் நெப்பியோலோ வகைத் திராட்சை அறுவடை, டிராக்டர் வந்தால் ஓரம் ஒதுங்கி வழி விடுங்கள். மழை பெய்த மறுநாள் போகவே வேண்டாம். அந்தச் சாம்பல்நிறக் களிமண் காலணிக்கு அடியில் இட்லி இட்லியாக ஒட்டும். தவறி மாட்டிக்கொண்டால், சுத்தமாக இருக்கிறதே என்று வரிசைக்குள் கால் வைக்காமல் பாதையிலேயே நடந்து ஏறுங்கள்.